ஆணையில் வந்த அரிசி: தமிழ்நாட்டில் ஈழ அகதிகளுக்கான நிவாரணமும் சமூகப் பணிகளும், 1983–2025

இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழர்களுக்கு 1983 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டுவரும் உதவிகளுக்கு அடிப்படையாகத் தனிச் சட்டம் எதுவும் இருந்ததில்லை. மாதப் பணக்கொடை, மானிய அரிசி, குடியிருப்பு, கல்லூரி இடம் என ஒவ்வொன்றும் அரசாணையால் வந்தது. அரசாணையால் வந்ததை அரசாணையால் நிறுத்தவும் முடியும். சிலவேளை அப்படி நிறுத்தப்பட்டும் இருக்கிறது. நாற்பதாண்டுக்கும் மேலான இந்த வரலாற்றில் உதவி கூடியதும் குறைந்ததும் பெரும்பாலும் அகதிகளின் தேவையைப் பொறுத்து நிகழவில்லை. சென்னையிலும் டெல்லியிலும் நிலவிய அரசியல் சூழலைப் பொறுத்தே நிகழ்ந்தது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே முகாம் மக்களின் பள்ளிப்படிப்பும் ஆவணங்களும் உடல்நலமும் அறுபடாமல் தொடர்ந்ததில், அகதிகள் தாமே கட்டியெழுப்பிய அமைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதி அதுதான்.

அகதிகள் நிலை குறித்த 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆகவே ‘அகதி’ என்ற சட்டநிலை இந்தியாவில் இல்லை. உயிர் தப்பி ராமேசுவரத்தில் இறங்கியவரும் விசா முடிந்தும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இருந்தனர். 1995 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் செயற்குழுவில் உறுப்பினராக உள்ள நாடு இந்தியா என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த இடைவெளி இன்னும் துலக்கமாகிறது.

உலகின் மிக நீண்ட அகதி வாழ்க்கையான பாலஸ்தீனரின் நிலை இதற்கு நேர்மாறான அமைப்பைக் கொண்டது. 1948 போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். அவர்களுக்கென்றே 1949 டிசம்பர் 8 அன்று ஐ.நா. பொதுச்சபை 302ஆம் தீர்மானத்தால் ஒரு முகமையை உருவாக்கியது. 1950 மே மாதம் பணி தொடங்கிய அந்த முகமை இன்று காசா, மேற்குக் கரை, ஜோர்டான், லெபனான், சிரியா ஆகிய ஐந்து களங்களில் 58 முகாம்களை உள்ளடக்கிச் செயல்படுகிறது. மாவும் எண்ணெயும் கூடாரமும் தருவதில் தொடங்கிய பணி மெல்ல மெல்லப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் நோக்கி நகர்ந்தது. 1982இல் பொது உணவுப் பங்கீடு பெரும்பாலான களங்களில் நிறுத்தப்பட்டு, மிக வறிய குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. கல்வியே அதன் செலவில் பெரும்பகுதியாயிற்று. அதன் ஏறத்தாழ 30,000 பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் பாலஸ்தீன அகதிகளே. இந்த முகமைக்கு இந்தியாவும் நிதி தருகிறது. 2018இல் ஆண்டுப் பங்களிப்பு 50 லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. ஆயினும் அந்த முகமையின் அதிகாரத்தைப் பொதுச்சபை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதன் வருமானமும் நாடுகள் விரும்பித் தரும் நன்கொடைதான். 2024 ஜனவரியில் பல நாடுகள் நிதியை நிறுத்திவைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றம் அதன் செயற்பாட்டைத் தடுக்கும் சட்டங்களை இயற்றியது. பன்னாட்டுத் தீர்மானத்தில் ஊன்றிய உதவிக்கே இந்த நிலை என்றால், ஒரு மாநிலத் துறையின் ஆணையை நம்பி வாழ்ந்தவர்களின் நிலையை ஊகிக்கலாம்.

மண்டபம்: மூன்று காலங்களின் முகாம்

ஈழ அகதிகளுக்கான நிவாரண அமைப்பு 1983இல் வெறுமையிலிருந்து எழவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, பதிவுசெய்து அனுப்பிய இடம் மண்டபம். போனவர்களின் பேரன் பேத்திகள் திரும்பி வந்ததும் அதே வழியில்தான். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அத்தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களின் கருத்தைக் கேட்காமல் இரு அரசுகளும் செய்துகொண்ட பங்கீடு இது.

இப்படித் ‘தாயகம் திரும்பியோர்’ பெயரில் வந்தவர்களுக்கான மறுவாழ்வு, பின்னர் வந்த அகதிகளுக்குக் கிடைத்ததைவிட உறுதியான அடித்தளம் உடையது. அவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் அது ‘டான்டீ’ எனப்படும் அரசுக் கழகமாயிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்குக் கடன் தர 1969இல் ரெப்கோ வங்கி உருவானது. கூட்டுறவு நூற்பாலைகளிலும் பலர் சேர்க்கப்பட்டனர். இத்திட்டங்கள் எல்லாரையும் கரைசேர்த்துவிடவில்லை. கூப்பு எனப்படும் மரவெட்டும் காட்டு வேலையும் கொத்தடிமையும் கடனும் பலரைத் தின்றன. எனினும் நிலம், வேலை, வாக்குரிமை மூன்றையும் நோக்கிய திட்டம் அது. 1983க்குப் பிறகு வந்தவர்களுக்கு இந்த மூன்றுமே திட்டத்தில் இடம்பெறவில்லை. அவர்கள் சில மாதங்களில் திரும்பிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பில் எல்லாம் அமைக்கப்பட்டது.

1983 முதல் 1990 வரை: வரவேற்பின் காலம்

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பிலும் பிற சிங்களப் பகுதிகளிலும் தமிழர்மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறை, கறுப்பு ஜூலை எனப்படுகிறது. வீடும் கடையும் எரிந்தவர்கள் கப்பலில் வடக்கே போய்ச் சேர்ந்தனர். வடக்கிலும் பாதுகாப்பு இல்லாதபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறினர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர். முதல் அலையில், 1987 வரை, 1,34,053 பேர் வந்ததாக அரசுப் பதிவு சொல்கிறது.

அப்போது முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரின் அரசும் எதிர்க்கட்சிகளும் தமிழ்நாட்டுப் பொதுமக்களும் காட்டிய பரிவு பெரிது. கல்லூரிகளில் அகதி மாணவர்க்கு இடம் ஒதுக்கப்பட்டது. அரசுப் பள்ளிகள் சான்றிதழ் கேட்காமல் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டன. தங்குவதற்குக் கிடைத்ததோ புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், காலியான கிடங்குகள், விற்பனைக்கூடங்கள். ஒரே கூரையின் கீழ்ச் சேலையைத் தொங்கவிட்டுக் குடும்பங்கள் தனித்தனி இடம் பிரித்துக்கொண்டன. பின்னர் போடப்பட்ட குடில்களும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி, மேலே தார் பூசிய அட்டை. மழைக்கு ஒழுகியும் வெயிலுக்கு உருகியும் போகும் அந்த அட்டைக் கூரைகள் தற்காலிக ஏற்பாடாகவே போடப்பட்டவை. சில முகாம்களில் அவற்றின் கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டது.

நிவாரணச் செலவை மாநில அரசு முதலில் செய்து, பிறகு மத்திய அரசிடமிருந்து திரும்பப் பெறும் முறை வகுக்கப்பட்டது. இரு அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு. முழுப் பொறுப்பு யாருக்கும் இல்லை என்ற நிலை இதனால் உருவாயிற்று. பன்னாட்டு முகமைகளுக்கு முகாமுக்குள் இடம் தரப்படவில்லை.

1987 ஜூலை 29இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின், அதே ஆண்டு டிசம்பர் இறுதியிலிருந்து 1989 ஆகஸ்ட் வரை 25,585 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் மீண்டும் ஓடிவர நேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தையொட்டி இலங்கைக்குச் சென்றிருந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறி, ஜூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் வெடித்ததும் இரண்டாம் அலை எழுந்தது. 1991 ஏப்ரலுக்குள் மேலும் 1,22,078 பேர் வந்து சேர்ந்தனர். இம்முறை வரவேற்பில் பழைய நெகிழ்ச்சி இல்லை. 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஈழப் போராளி இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் அவருடன் இருந்தவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்தே அகதியையும் ஆயுததாரியையும் ஒன்றாகப் பார்க்கும் போக்கு தொடங்கிவிட்டது. 1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களிலும் இதற்கு இடமிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரும் அதன் பின்னும்

இன்று காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு எனப் பிரிந்து கிடக்கும் பகுதிகள் 1997 வரை ஒரே மாவட்டமாக, செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தவை. அகதி நிவாரண வரலாற்றின் முகங்கள் எல்லாம் இந்த ஒரு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. வடகோடியில் கும்மிடிப்பூண்டி முகாம், சென்னையை ஒட்டிப் புழல் முகாம், தெற்கே செங்கல்பட்டில் போராளி எனச் சந்தேகிக்கப்பட்டவர்களை அடைத்துவைக்கச் சிறைக் கட்டடத்தில் இயங்கிய ‘சிறப்பு முகாம்’, நடுவில் ஸ்ரீபெரும்புதூர்.

1991 மே 21 இரவு அங்கே தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஈழ ஆயுததாரிகளின் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். உடன் இருந்த பலரும் மாண்டனர். முகாம்களில் இருந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லை. விளைவு அவர்கள்மீதுதான் இறங்கியது. முகாமுக்கு வெளியே வசித்தவர்கள் காவல் நிலையங்களில் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்றானது. முகாமிலிருந்து வெளியே போகவும் வரவும் கட்டுப்பாடு வந்தது. உயர்கல்வி இட ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் பணிசெய்யும் அனுமதி 1990களின் முற்பகுதியில் மறுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவு போலீசாரின் கண்காணிப்பு முகாம் வாழ்க்கையின் நிலையான பகுதியாயிற்று. வாடகைக்கு வீடு தருவோரும் ‘சிலோன்காரர்’ என்றால் யோசிக்கும் நிலை வந்தது.

ஒரு சட்டம் இருந்திருந்தால் இவற்றில் சிலவற்றையேனும் நீதிமன்றத்தில் கேட்டிருக்க முடியும். ஒதுக்கீடு கருணையாக வந்ததால், கருணை நின்றபோது கேட்க வழியில்லாமல் போயிற்று. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றும் கல்லூரிக்குப் போக முடியாமல் பெயிண்ட் வாளியைத் தூக்கிய ஒரு தலைமுறை இந்தக் காலத்தில்தான் உருவானது. அந்த இழப்புக்குப் பின்னாளில் யாரும் ஈடுசெய்யவில்லை, செய்யவும் இயலாது.

1992 ஜனவரி 20 அன்று ‘விரும்பித் திரும்புதல்’ தொடங்கியது. விருப்பம் எவ்வளவு என்பதுதான் அன்றைய கேள்வி. உதவிகள் குறைக்கப்பட்ட முகாமில், அதிகாரிகளின் முன்னிலையில் இடப்படும் கையொப்பத்தை விருப்பம் என்று கொள்ளலாமா என மனித உரிமை அமைப்புகள் கேட்டன. அரசியல் தலைவர்கள் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் இதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். 1992இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரின் விருப்பத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றது. ஆனால் முகாம்களுக்குள் தடையின்றிச் சென்று பேசும் அனுமதி அதற்கு இல்லை. ஊருக்குப் புறப்பட்டுவிட்ட மக்களிடம் இறுதிக் கட்டத்தில் கேட்பதற்கே அதன் பங்கு சுருங்கியது. 1995 மார்ச் வரை 54,188 பேர் இப்படித் திரும்பினர். மீண்டும் போர் மூண்டதும் திரும்புதல் நின்றது. 1996 ஜூலை முதல் 2003 வரை 22,418 பேர் புதிதாக வந்தனர். 2006க்குப் பிறகு, நான்காம் ஈழப்போரின்போது, மேலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 3,04,269 என உள்துறை அமைச்சகம் குறிக்கிறது.

அகதிகளே தொண்டர்களான கதை

தந்தை செல்வா என்று ஈழத்தமிழர் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சா.செ. சந்திரகாசன், 1983க்குப் பின் சென்னைக்கு வந்தவர். அவர் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்கள் சுருக்கமாக ‘ஓஃபர்’ என்று சொல்லும் அமைப்பு. அதன் அடிப்படை எளிது: உதவி பெறுபவரும் உதவி செய்பவரும் அகதியே. அரசு அரிசியும் பணமும் தந்தது. அரிசிக்கும் பணத்துக்கும் அப்பாற்பட்ட தேவைகளை இந்த அமைப்பு கையிலெடுத்தது.

முதலாவது கல்வி. மரத்தடியிலும் முகாமின் பொது மண்டபத்திலும் மாலை வகுப்புகள் நடந்தன. முகாமிலேயே படித்த இளைஞர்கள்தாம் ஆசிரியர். பகலில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளை மாலையில் இவர்கள் பிடித்துக்கொண்டு படிக்கவைத்தனர். இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பும் பின்னர் இதே முறையில் மாலைப் படிப்பு மையங்களைப் பல முகாம்களில் நடத்தியது. கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, ஆசிரியப் பயிற்சி என உதவி விரிந்தது. 1996இல் ஆட்சி மாறிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, கல்லூரி வாசல் மீண்டும் திறந்தபோது, நுழைவதற்குத் தகுதியான மாணவர்கள் தயாராக இருந்தார்கள் என்றால் அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளின் மாலை வகுப்புகளே காரணம்.

இரண்டாவது உடல்நலம். முகாம் பெண்களுக்கே அடிப்படைப் பயிற்சி தந்து சுகாதாரப் பணியாளர்களாக்கினர். கர்ப்பிணிகளின் பட்டியல், தடுப்பூசி, குழந்தைகளின் எடை ஆகியவற்றை இவர்கள் கவனித்தனர். பள்ளி செல்லும் வயதை எட்டாத பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிகளில் சத்துணவு கொடுக்கப்பட்டது. ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியை முகாமிலேயே தொட்டிகளில் வளர்த்து, உலர்த்தி, சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்குத் தந்த முயற்சி தனியே குறிப்பிடத்தக்கது. நிலம் இல்லாதவர்கள் ஒரு தொட்டி நீரில் புரதத்தை விளைவித்தார்கள்.

மூன்றாவது ஆவணம். வெளியே இருப்பவர்களுக்குச் சிறியதாகத் தோன்றும் இந்தப் பணிதான் காலத்தால் மிகப் பெரியது. முகாமில் பிறந்த குழந்தைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தாலும், இலங்கைக் குடியுரிமை பெற அது சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கும் உரியதாகாது. பெற்றோரின் பிறப்புச் சான்று எரிந்திருக்கும், திருமணப் பதிவு இருக்காது, பெயர் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். முகாம் முகாமாகச் சென்று தாள்களைத் திரட்டி, படிவம் நிரப்பி, தூதரகத்தில் சேர்த்து, ஆயிரக்கணக்கான பிறப்புகளைப் பதிவுசெய்தது இந்த அமைப்பு. 2009க்குப் பின் ஊர் திரும்பியவர்களுக்கு இந்தத் தாள்தான் நிலத்தையும் பள்ளியையும் கேட்கும் தகுதியைத் தந்தது.

பெண்களின் சுய உதவிக் குழுக்கள், மனநல ஆலோசனை, கணினிப் பயிற்சி ஆகியவையும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அகதித் தொண்டர்கள் நாகப்பட்டினம் கரைக்குப் போய், வீடிழந்த இந்திய மீனவக் குடும்பங்களுக்கு ஆலோசகர்களாகப் பணிசெய்தனர். இழப்பை அறிந்தவர்கள் இழந்தவர்களோடு உட்கார்ந்தார்கள். பாலஸ்தீன முகமையின் பள்ளிகளில் அகதிகளே ஆசிரியராக இருப்பதைப் போன்றதுதான் இது என்றாலும், அங்கே அவர்கள் சம்பளம் பெறும் ஐ.நா. ஊழியர்கள். இங்கே பெரும்பாலோர் சிறு ஊக்கத்தொகையோடு அல்லது அதுவும் இல்லாமல் உழைத்தவர்கள்.

பதிவும் பணக்கொடையும்

முகாமின் மாத ஒழுங்கு பதிவேட்டைச் சுற்றியே அமைந்தது. குறித்த நாளில் வருவாய்த்துறை அலுவலர் வந்து பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். க்யூ பிரிவினரும் இருப்பர். ஆள் இருந்தால் பணக்கொடையும் அரிசியும் உண்டு. தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவு வெட்டப்படும். பதிவு போனால் பணம் மட்டும் போவதில்லை. முகாமில் தங்கும் உரிமையும் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றும் சேர்ந்து போகும். ஆகவே எவ்வளவு தொலைவில் வேலை கிடைத்தாலும் சோதனை நாளுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது முகாம் ஆண்களின் நாட்காட்டியை நிர்ணயித்தது. மாநிலமெங்கும் முகாம் ஆண்கள் வண்ணம் பூசும் தொழிலில் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாள்கூலி, ஒப்பந்தம், வந்துபோக வசதி; அடையாள அட்டை கேட்பாரில்லை. உயரமான கட்டடங்களில் சாரம் சரிந்து விழுந்தால் காப்பீடும் இல்லை.

பணக்கொடையின் வளர்ச்சி இந்த உதவியின் இயல்பைக் காட்டுகிறது. 2006இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 200 ரூபாய் 400 ஆக இரட்டிக்கப்பட்டது. 2011இல் அது 1,000 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750, சிறுவர்களுக்கு 400 ஆகவும் உயர்ந்தது. 2021இல் 1,500, 1,000, 500 என மாறியது. மூன்று உயர்வுகளும் ஆட்சி மாறிய ஆண்டிலேயே வந்தன. விலைவாசி ஆண்டுதோறும் ஏறியது. தொகை புதிய அரசு பதவியேற்கும்போது ஏறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் குடும்பங்கள் கடனில் ஓடின. அரிசி மட்டும் கிலோ 57 காசு என்ற பழைய விலையில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இதே காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் வேறொன்றாக மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா வந்து போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. அங்குள்ள சாலைகளில் தொழிலாளர் பேருந்துகள் வரிசையாக ஓடலாயின. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞருக்கு அங்கே வேலை உண்டு. இந்தியக் குடிமகன் என்ற ஒரு தாள் அவர்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்து, பொறியியல் பட்டமும் பெற்ற முகாம் இளைஞருக்கு அரசு வேலை அறவே இல்லை. கடவுச்சீட்டு இல்லாததால் நிறுவனம் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப முடியாது. படிப்புக்குத் தந்த உதவி வேலைக்கு முன் நின்றுவிடுகிறது என்பதே முகாம் பெற்றோரின் நெடுநாள் குறை. அது நியாயமான குறை.

2009க்குப் பின்

2009 மே மாதம் போர் முடிந்தது. திரும்புதல் பெருமளவில் நிகழும் என எதிர்பார்க்கப்பட்டது, நிகழவில்லை. ஐ.நா. ஆணையம் விமானச் சீட்டும் சிறு தொகையும் தந்து உதவியபோதும் ஆண்டுக்குச் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் பேரே போயினர். நிலம் படையினரிடம் இருந்தது, வீடு இடிந்திருந்தது, பிள்ளைகள் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். மலையக வம்சாவளியினருக்கோ திரும்பிப் போக ஊர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை.

2021 கணக்குப்படி முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேரும், முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடியில் புதிதாகக் கட்டுவது அதில் தலையாயது. முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. குடியுரிமை உள்ளிட்ட நீண்டகாலத் தீர்வுகளை ஆராய ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. நவம்பர் 2 அன்று வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2023 செப்டம்பரில் முதற்கட்டமாகப் பல மாவட்டங்களில் 1,591 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. 300 சதுர அடியில் சமையலறையும் கழிப்பறையும் கொண்ட கான்கிரீட் வீடு, முன்பிருந்த பத்தடி அறையை நினைத்தால் மிகப் பெரிய மாற்றம். தற்காலிகம் என்ற பழைய பாவனையை அரசே கைவிட்டது என்பதும் இதன் பொருள்.

குடியுரிமைக் கேள்விக்கு மட்டும் மாநில அரசின் கை எட்டாது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் இறுகியது: பெற்றோரில் யாரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்த அகதி சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிதான். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், முதல் விதியைக் காட்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே முகாம் வரிசையில் ஓரிரு ஆண்டு கழித்துப் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் மாதம் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளை மட்டும் பெயர் குறித்தது. இலங்கை அதில் இல்லை. திபெத்தியருக்கு 2014இல் மத்திய அரசே மறுவாழ்வுக் கொள்கை வகுத்தது. ஈழ அகதிகளுக்கு அதுபோன்ற தேசியக் கொள்கை வகுக்கப்படவில்லை.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தையொட்டி மத்திய உள்துறை ஒரு விலக்கு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்றது அது. வந்த நாள் முதல் தலைமேல் இருந்த வழக்கு அச்சம் இதனால் நீங்கியது. தண்டனையிலிருந்து விலக்கு தந்த ஆணை, குடியுரிமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீண்டகால விசாவும் அதில் சேராது. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பசி தாங்காமல் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கி, மண்டபம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள், ஆணை குறித்த தேதிக்கு ஏழாண்டு பிந்தி வந்தவை. அவற்றுக்கு அந்த விலக்கும் பொருந்தாது.